மேளக்காரர் பார்த்த விரல்

தவில் முதலில் ஒரு இருமல் இருமியது. கெட்டிமேளம் என்றால் எல்லோருக்கும் நினைவிருப்பது ஒரேயடியாக வந்து விழுகிற அந்தப் பெரிய சத்தம்தான். தையல்நாயகிக்கு அதற்கு ஒரு மூச்சு முன்னால், விரலில் மாட்டிய கூடுகள் தோலின்மேல் அவசரமாகத் தடுமாறி விழுந்த அந்தச் சின்ன இருமல்தான் காதில் நின்றுவிட்டது. கதவு காற்றில் லேசாக இடித்தால் போதும், அடுத்தது வரப்போகிறது என்று தோள் இறுகும். அடுத்தது வராது. இத்தனை வருஷமாக அடுத்தது வராமலேயே தோள் இறுகிக்கொண்டிருக்கிறது. இப்போதும் தள்ளுவண்டி ஒன்றின் சக்கரம் தரைக்கல் இடுக்கில் தட்டியதும் பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒன்றுமில்லை, ஆக்ஸிஜன் சிலிண்டர். நீல உடுப்புக்காரன் ஒருவன் அதை முட்டியால் தள்ளிக்கொண்டே போனில் யாரையோ மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டுக்கொண்டு போனான். கண்ணாடிக் கதவு திறந்து அவனை விழுங்கி மூடிக்கொண்டது. அந்தக் கதவுக்கு அந்தப்புறம்தான் கலியபெருமாள் கிடக்கிறார், அவள் புருஷன். இரண்டாவது தடவையாகப் பக்கவாதம் வந்து, நெஞ்சில் சளி கட்டி, மூச்சை இழுக்கிற வேலையை அவர் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. டாக்டர் பையனுக்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை. அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, அம்மா என்று கூப்பிட்டு, நிதானமாகத்தான் சொன்னான். “இவரால தானா மூச்சு இழுக்க முடியலம்மா. குழாய் போட்டு மெஷின்ல வைக்கலாம். வெச்சா உயிர் தங்கும். பழைய ஆளா எழுந்திருப்பார்னு என்னால சொல்ல முடியாது. ஒரு தடவை வெச்சுட்டா அப்புறம் எடுக்கறது லேசில்ல. வெக்கலேன்னா இன்னிக்குச் சாயந்திரம் தாண்டாது. வேணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும். ரவுண்ட்ஸ் முடிச்சிட்டு வரேன், யோசிச்சு வைங்க.”

வேணுமா வேண்டாமா. டீக்கடையில் சர்க்கரைக்குக் கேட்கிற மாதிரி. யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்வியை அவளிடம் டீக்கடைக்காரர்கள்தான் கேட்டிருக்கிறார்கள், சர்க்கரை வேணுமா வேண்டாமாம்மா என்று. அதற்கும் பதில் பின்னாலிருந்து அவர் குரலில் வரும், அவளுக்குப் போடு, எனக்குக் கம்மியாப் போடு. மஸ்கட்டிலிருந்து மகன் குமரகுரு போனில் பேசினான். அவன் குரலுக்குப் பின்னால் ஏசி இரைந்தது. “நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம்மா. நீதானே அவர்கூட இருந்தே. உனக்குத் தெரியாததா?” கூட இருந்தே. அந்த வார்த்தையில் அவள் மனசு முள்ளில் மாட்டின முந்தானை மாதிரி நின்றுவிட்டது. கூட. பேருந்தில் பக்கத்து ஸீட்டுக்காரர்கூடக் கூடத்தான் இருக்கிறார். பல்வலிகூடக் கூடத்தான் இருக்கிறது. கூட இருந்தவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறான். என்ன தெரியும்? அவர் குளிக்கிற வெந்நீரின் சூடு தெரியும். செருப்பு படியில் எந்த வேகத்தில் விழுந்தால் அன்றைக்கு என்ன ராத்திரி என்று தெரியும். செத்துப்போக அவருக்கு இஷ்டமா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு இஷ்டமா என்பதுதான் கேள்வி என்றால், அதைக் கேட்கத்தான் கூடாது. கேட்காதே. அங்கே போகாதே. மனசு உடனே அங்கேதான் போயிற்று.

பக்கத்து நாற்காலிப் பெண் மடியில் ஒரு கைடு புத்தகம் விரித்திருந்தாள். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று விடியற்காலையில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்களாம், நாளைக்கு அவளுக்குப் பரீட்சையாம். பிரதீபா, பிரதீபா என்று அவள் அத்தை பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள், பிஸ்கட், தண்ணீர் பாட்டில், கைக்குட்டை. அந்தப் பெண் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு யாரோ தோழியோடு சண்டை போட்டாள். “தாலி கட்டற ஸீன்தான்டி உச்சகட்டம். ‘நாடகத்தின் உச்சகட்டத்தை இனங்காண்க’, அஞ்சு மார்க்கு. கைடுல தாலின்னுதான் போட்டிருக்கு. என்னது, விரலா? லூசாடி நீ? அந்தக் கிழவன் விரலை ஆட்டினா அது எப்படிடி உச்சகட்டம்?” அத்தை காதைத் தீட்டிக்கொண்டு, “என்ன பாடம்டி அது, கல்யாணக் கதையா?” என்றாள். “ஆமாத்தை. காதல் நாடகம். காமெடி.” “தாலி கட்டிட்டான்னா அப்புறம் என்னடி காமெடி? அதோட திரைய இழுத்து விட்ருவானுங்க. அதுக்கப்புறம் நடக்கறத உக்காந்து எவன் பாப்பான், டிக்கெட்டுக் காசைத் திருப்பிக் கேப்பான்.” பெண் குபீரென்று சிரித்தாள். சிரித்த வாயைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணாடிக் கதவைப் பார்த்தாள், தான் சிரித்தது உள்ளே அப்பாவுக்குக் கேட்டிருக்குமோ என்கிற மாதிரி. கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. “படிடி, ஒண்ணும் ஆவாது, படி,” என்று அத்தை அவள் முழங்காலைத் தட்டினாள். தையல்நாயகி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதே நாடகம்தான். இன்னுமா அதைப் பாடமாக வைத்திருக்கிறார்கள்?

மாப்பிள்ளை நாடகம் என்பார்கள் ஹாஸ்டலில். காசுக்கார மாப்பிள்ளையின் ரயில் வழியில் நின்றுபோக, பெண் காதலித்த பையன், மாலைகளுக்குள் மூக்குவரை முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்த மணையில் வந்து உட்கார்ந்துவிடுவான். கடைசி நிமிஷத்தில் பெண்ணின் அப்பாவுக்குத் தெரிந்துபோகும். ‘நிறுத்துங்கய்யா’ என்று விரலை ஆட்டிக்கொண்டு ஓடி வருவார். மேளக்காரருக்குக் காது மந்தம். வார்த்தை கேட்காது, விரல்தான் தெரியும். உயர்த்தி ஆட்டின விரல் என்றால் மேளக்காரருக்கு ஒரே அர்த்தம்தானே, கெட்டிமேளம். அடித்து முழக்கிவிடுவார். அப்பாவின் ‘நிறுத்து’ அந்தச் சத்தத்தில் முங்கிப்போகும், பையன் தாலியைக் கட்டிவிடுவான். பெண்கள் காலேஜ், உயரமாக இருந்ததால் தையல்நாயகிக்குத்தான் அப்பா வேஷம். ஒட்டு மீசை மேலுதட்டில் அரித்தது, தும்மல் வரும்போல இருந்தது, விரலை ஆட்டிக்கொண்டு ஓடினாள், வார்டனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். எமிலி ஞானாபரணம் மிஸ்தான் அந்த நாடகத்தைப் பாடம் எடுத்தார், அவர்தான் ஆடவும் சொல்லிக்கொடுத்தார். உச்சகட்டம் எது என்று வகுப்பில் கேட்டபோது பாதிப் பேர் தாலி என்றார்கள், ஒருத்தி இடைவேளைக்கு முன்னாடி வருமே அது மிஸ் என்றாள். மிஸ் சிரிக்கவில்லை. “சத்தம் ஜாஸ்தியா இருக்கிற இடம் இல்லடீ. எந்த இடத்துக்கு அப்புறம் கதை திரும்பிப் போக முடியாதோ அதுதான். தாலி விளைவு. விரல்தான் உச்சம். விரல் ஏறினதும் முடிஞ்சது.” ஒத்திகையில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். “தையல், நீ நிறுத்துன்னு சொல்றே. அப்ப விரல் பக்கவாட்டுல ஆடணும், இப்படி, இல்லை இல்லைன்னு. மேலயும் கீழயும் ஆட்டினா அது மிரட்டற விரல், பிள்ளைங்களை வாய மூடுன்னு சொல்ற விரல். ரெண்டும் வேற. ஜனங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியணும், மேளக்காரனுக்குத்தான் தெரியக்கூடாது. அங்கதான் சிரிப்பு.” பக்கவாட்டு. மேலும் கீழும். அன்றைக்கு அதை அவள் விளையாட்டாகத்தான் கற்றுக்கொண்டாள்.

நாடகம் போட்ட அந்த வருஷமே வைகாசியில் மாயவரத்துச் சத்திரத்தில் அவளுக்குக் கல்யாணம். ஹோமப் புகை, புது வேட்டிக் கஞ்சி வாசனை, பின்னால் யாரோ பெண்பிள்ளை ஓயாமல் இருமுகிறாள். ஐயர் தேங்காயை நீட்டுகிறார், அவள் கை நீள ஒரு நொடி தாமதம். அவ்வளவுதான், ஒரு நொடி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், அதுவரை முகம்கூட நேராகப் பார்த்திராதவர், பட்டு அங்கவஸ்திரத்துக்கு அடியில் அவள் மணிக்கட்டைப் பிடித்து, உள்பக்கத்து மெல்லிய தோலை இரண்டு விரலால் கிள்ளித் திருகினார். முகம் போட்டோக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. வலியைவிட அந்தச் சிரிப்புதான். கைக்கு ஒரு முகம், முகத்துக்கு ஒரு கை. படித்த பெண், கவிதை எழுதுகிற பெண், ஒரு நொடியில் முழுப் புத்தகத்தையும் வாசித்து முடித்துவிட்டாள். வலப்பக்கம் அப்பா நின்றார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்து, “அப்பா, வேண்டாம்,” என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள் என்று நினைக்கிறாள். அப்பா பார்த்தார். கண் விரிந்தது. விரல் ஏறியது. தவில் இருமியது. அப்புறம் அந்தச் சத்தம், கூரை முழுக்க, பல்லுக்குள், மார்க்கூட்டுக்குள். அழுகையோ தும்மலோ அபசகுனமாக ஒரு சொல்லோ யார் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே அப்படி வாசிக்கிறார்கள். விழவில்லை. பந்தியில் அப்பா மோர் ஊற்றிக்கொண்டே யாரிடமோ சொல்லிச் சிரித்தார், “ஐயர் சொல்றதுக்குள்ள என் விரலப் பாத்துட்டு முந்திட்டான்யா மேளக்காரன்.” எல்லோரும் சிரித்தார்கள். அப்படியானால் அவர் மேளத்துக்காக விரலைத் தூக்கவில்லை. அது நிச்சயம். பின்னே எதற்கு? கொஞ்சம் பொறுங்க, என் பொண்ணு என்னமோ சொல்றா, என்று நிறுத்தவா? இல்லை, மேடையில் பேசாதே, வாய மூடு, என்று அவளையா? பக்கவாட்டா? மேலும் கீழுமா?

இதைத்தான் அவள் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள். அரிசி களைகிறபோது, பள்ளிக்கூட வாசலில் குமரகுருவுக்காக நிற்கிறபோது, தையல் போட வைத்த மணிக்கட்டை டாக்டரிடம் அரிவாள்மணையில் பட்டுடுச்சு என்று நீட்டியபோது. கண்ணை மூடினால் விரல் வரும். புகையில் நிற்கும். ஆடத் தொடங்கும். இப்படியா அப்படியா என்று உற்றுப் பார்ப்பதற்குள் அந்த விரலில் ஒட்டு மீசையின் பசை நாற்றம் அடிக்கும், அது அவளுடைய விரலாகிவிடும், வார்டன் குலுங்குவாள். அப்பாவின் விரலை அவள் தொலைத்துவிட்டாள். நாடகத்தில் தான் ஆட்டினதுதான் மிஞ்சியிருக்கிறது. அவர் இருந்தவரை கேட்டிருக்கலாம். எப்படிக் கேட்பது? நிறுத்தத்தான் பார்த்தேன் என்று சொல்லிவிட்டால், அவருக்கும் தெரிந்திருந்தது, தெரிந்தும் அப்புறம் சும்மா இருந்தார் என்றாகும். உன்னைத்தான் மிரட்டினேன் என்றால் அதோடு சரி. இரண்டு பதிலுமே வேண்டாம். சரி, அந்த விரல்தான் உச்சகட்டமா, மிஸ்? அதற்கு அப்புறம் கதை திரும்பிப் போக முடியாதா? தலைத் தீபாவளிக்கு வந்தபோது வளையலை ஒதுக்கிவிட்டு அம்மாவிடம் மணிக்கட்டைக் காட்டினாளே. அம்மா நல்லெண்ணெயைத் தொட்டுத் தடவிவிட்டு, “வளையல் இறுக்கமா இருக்குடி, அடுத்த தடவை ஒரு சுத்து பெரிசா வாங்கிப் போட்டுக்க,” என்றாள். அப்பா கூடத்தில் நின்று அதைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காவேரித் துலாக் கட்டத்துக்குக் குளிக்கப் போய்விட்டார், ஐப்பசி முழுக்குத் தவறக் கூடாது என்று. அதுவா உச்சகட்டம்? துண்டை உதறித் தோளில் போட்ட அந்த நிமிஷமா? இல்லை, குமரகுருவை வயிற்றில் வைத்துக்கொண்டு கும்பகோணம் பஸ்ஸில் ஏறி, எந்த ஊருக்கும்மா டிக்கெட் என்று கண்டக்டர் கேட்டதும் ஊர்ப் பேர் ஒன்றும் வாயில் வராமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாளே, அதுவா? எங்கே வைத்தாலும் அதற்குப் பிறகும் ஒரு இடம் இருக்கிறது, திரும்பியிருக்கக்கூடிய இடம். மிஸ் சொன்னது நாடகத்துக்குச் சரி. மூன்று மணி நேரம், ஐந்து அங்கம். இந்த மாதிரிக் கதைகளில் உச்சம் ஒரு இடத்தில் நிற்கிறதில்லை, உப்பு மாதிரிக் கரைந்து எல்லா இடத்திலும் கரிக்கிறது.

முதல் பக்கவாதத்தில் அவருக்கு வலது கை செத்துப்போயிற்று. கிள்ளின கை. ஒருநாள் காலையில் அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டினாள். அது கிடந்தது, கழுவி வைத்த மீன் மாதிரி, ஒன்றும் செய்யாமல். பயப்படாமல் அந்தக் கையை அவள் தொட்டது அதுதான் முதல்தடவை. அழுகை வந்தது, எதற்கு என்று தெரியவில்லை. அதற்கப்புறம் இடது கை அவள் மணிக்கட்டைத் தேடத் தொடங்கியது. கஞ்சி ஊட்டுகிறபோது, படுக்கையைத் திருப்புகிறபோது, அது ஊர்ந்து வந்து மணிக்கட்டைப் பிடிக்கும். தெம்பு இல்லாத பிடி. பிடித்துக்கொள்வதா, திருகப் பார்ப்பதா? பார்க்க வருகிறவர்கள், பாருங்க எவ்வளவு அன்பு, கையை விடமாட்டேங்கிறார், என்பார்கள். வாய் கோணி அவர் முகம் எப்போதும் ஒரு பக்கம் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. ஆம்புலன்ஸிலும் பிடித்துக்கொண்டுதான் வந்தார். கண்ணில் பயம் இருந்தது, அது மட்டும் நிஜம், மாடு கசாப்புக் கடை வாசலில் பார்க்கிற பயம். அந்தப் பயத்தைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வந்தது. இரக்கத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, சின்னதாக, சூடாக, வெட்கமில்லாமல். அதற்குப் பேர் வைக்க அவள் பயந்தாள்.

“ஏம்மா, நீங்க சொல்லுங்களேன்,” என்று பிரதீபா அவள் பக்கம் திரும்பினாள். போனை வைத்துவிட்டிருந்தாள். “பாத்தா டீச்சர் மாதிரி இருக்கீங்க. இந்த நாடகம் தெரியுமா? தாலிய எழுதவா, விரலை எழுதவா? போன்ல என் ஃப்ரெண்டு விரல்னு அடிச்சுச் சொல்றா.” தையல்நாயகி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்தாள். கறுப்புக் கயிறு ஒன்று, கோயிலில் கட்டினது, வேறு ஒன்றுமில்லை, வழவழவென்ற தோல். “நான் டீச்சர் இல்லம்மா,” என்றாள். “எனக்கு ஒண்ணும் தெரியாது.” “பரவால்லம்மா. உள்ள யாரு, சாரா?” “ஆமா.” “நல்லாயிடுவாரும்மா,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் தாலி என்ற சொல்லின் அடியில் பேனாவால் இரண்டு கோடு இழுத்தாள். அத்தை நீட்டின பிஸ்கட்டைத் தையல்நாயகி மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். வாயில் மாவாக ஒட்டியது. “புள்ளைங்க வராங்களா?” “ஒரே பையன். மஸ்கட்டுல.” “அதான் பாத்தேன், ஒத்தையில உக்காந்திருக்கீங்களேன்னு. அவருக்கு நீங்க, உங்களுக்கு அவரு, வேற யாரு இருக்கா,” என்றாள் அத்தை. ஆமாம், வேறு யாருமில்லை.

வேண்டாம் என்று சொல்வதுதான் நியாயம். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். எழுபத்தைந்து தாண்டிய உடம்பு, இரண்டு பக்கவாதம், தொண்டையில் குழாயைச் சொருகி மெஷினில் கட்டிப்போட்டு என்ன காணப்போகிறோம்? போகட்டும் நிம்மதியாக. அவள் மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள், வேண்டாம் டாக்டர், அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாம். சரியாகத்தான் இருந்தது. மறுபடி சொன்னாள். இந்தத் தடவை அது வேறு குரலில் வந்தது. இருபத்தொரு வயசுக் குரல், மேலே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு, அப்பா வேண்டாம். இதுவா அது? இத்தனை காலம் தொண்டைக்குள் உட்கார்ந்திருந்தது இப்போதுதான் வெளியே வரப் பார்க்கிறதா, ஒரு மனுஷன் செத்துப்போக? அதைத் தள்ளிவிட்டு வேறொன்றைத் தேடினாள். இரக்கத்தோடு சொல்கிற வேண்டாம். யாராவது ஒரு நர்ஸம்மா சொல்வாளே அந்த மாதிரி ஒன்று. குமரகுரு சொல்லியிருந்தால் அவனுடையது சுத்தமாக இருந்திருக்கும். அவளிடம் சுத்தமானது ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தாள், புழுங்கல் அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி, எல்லாவற்றிலும் அந்தச் சின்னச் சூடு ஒட்டியிருந்தது. அவள் வாயிலிருந்து அந்தச் சொல் ஒரே ஒரு தடவைதான் வந்தது, யாருக்கும் கேட்கவில்லை. இன்றைக்குச் சொன்னால் கேட்கும். குந்தி உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார்கள், உடனே செய்வார்கள். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நியாயத்துக்காகச் சொன்னேன் என்று உலகத்துக்குச் சொல்லிவிடலாம், மகனுக்குச் சொல்லிவிடலாம். நாளைக்கு விடிந்து, வெந்நீர் போட வேண்டாத முதல் காலையில், அடுப்பு முன்னால் நிற்கிறவளுக்கு என்ன சொல்வது? இரக்கமா, பழியா என்று அவள் இன்னொரு ஆயுள் முழுக்கப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்றுக்குத் தெம்பில்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. டாக்டர் பையன் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தான். பிரதீபாவும் அத்தையும் எழுந்து நின்றார்கள், அவர்களிடம் அப்புறம் வரேன் என்று கை காட்டிவிட்டு நேராக இவளிடம் வந்தான். “என்னம்மா முடிவு பண்ணியிருக்கீங்க? வேண்டாம்தானே?” அவனே எடுத்துக்கொடுத்தான், கருணையாகத்தான். தலையை ஆட்டினால் போதும். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வெளியே வராந்தாவில் யாரோ வாளியை நகர்த்தினார்கள். வாயில் பிஸ்கட் ஒட்டியிருந்தது, விழுங்கிக்கொண்டாள். “போடுங்க,” என்றாள். “அம்மா, நான் சொன்னது புரிஞ்சுதுல்ல? அவருக்கு இது—” “புரிஞ்சுது. நீங்க போடுங்க.”

போட்டார்கள். மூன்றாவது வாரம் கழுத்தில் துளையிட்டுக் குழாயை அங்கே மாற்றி, மூச்சு மெஷினோடேயே வீட்டுக்கு அனுப்பினார்கள். கூடத்தில் கட்டில் போட்டு, சளி உறிஞ்சுகிற மெஷினை அவளே ஓட்டக் கற்றுக்கொண்டாள். கலியபெருமாள் அடுத்த வருஷம் ஆனி மாதம் வரை உயிரோடு இருந்தார். கண் திறந்தே இருந்தது. யாரையும் அவருக்குத் தெரியவில்லை.